என் மறதியைப் பார்த்துக்கொண்டவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. "மறதிக்காரம்மா வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. இரண்டு வருஷம் பாடுபட்டு வாங்கினேன். உண்மையில் நான் எதையும் மறந்தவள் இல்லை. மறந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு அது தெரியாது. கடைசிவரைக்கும் தெரியாது.

அவர் ரயில்வே கேட்டுக்காரர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் தண்டவாளத்தைச் செங்கல் சூளைக்குப் போகும் சாலை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தில் கேட், கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வீடு. ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பினால் கம்பி வழியாகக் கொட்டகைக்குள் மணி அடிக்கும். கிள்ளான் போகிற வண்டிக்கு இரண்டு அடி, அங்கிருந்து வருகிற வண்டிக்கு மூன்று. மணி கேட்டதும் இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்திச் சங்கிலி மாட்டிப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பச்சைக் கொடியைக் கையில் எடுக்க வேண்டும். "பூட்டு முதல்ல, கொடி அப்புறம்" என்பதை அவர் ராமா ராமா என்பது போலச் சொல்லிக்கொண்டிருப்பார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவர். இரவுக்கு வேறு ஆள். இருபத்தாறு வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டிகூட அவர் கேட்டில் அடிபட்டதில்லை. அதை அவர் சொல்லாத நாளும் இல்லை.

ஆரம்பம் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் "என்ன புள்ள, இன்னிக்குச் சோறு ஆக்கலையா?" என்று கேட்டது முதலில் வந்ததா, விசிலைத் தேடி வீட்டைப் புரட்டிப்போட்டது முதலில் வந்ததா? விசில் அவர் கழுத்திலேயே தொங்கியது. எடுத்துக் காட்டினேன். "நீதான் என் கழுத்துல மாட்டி வச்சிருக்க" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வயது ஆகிறது, யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் குடிதண்ணீர்க் குழாயடியிலிருந்து வருகிறேன், சாலை நெடுகச் செங்கல் வண்டிகள் நிற்கின்றன. நாலைந்து ரிக்‌ஷா, ஒரு மோட்டார் கார். இரண்டு கேட்டும் பூட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் காக்கிச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பச்சைக் கொடியோடு விறைத்து நிற்கிறார். மணி அடிக்கவே இல்லையாம். வண்டிக்காரர்கள் கத்துகிறார்கள். "அஞ்சே கால் வண்டி வருது, கண்ணு தெரியலையா?" என்று இவர் பதிலுக்குக் கத்துகிறார். அஞ்சே கால் வண்டியை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைந்து, ரயிலில் ஏற ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியை எனக்கு வந்து சொன்னவரே இவர்தான்.

நான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஏங்க, வண்டி போயிருச்சுங்க. நீங்கதான் பச்சை காட்டி அனுப்பி வச்சீங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வராத வண்டிக்குக் கேட்டைச் சாத்தினால் நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான். வருகிற வண்டிக்குச் சாத்தாவிட்டால்?

மறுநாளிலிருந்து கேட் என் வேலை ஆயிற்று. யாருக்கும் தெரியாமல். யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்கள். என் காது பகல் முழுக்க அந்த மணிக்காகவே இருந்தது. உலையில் அரிசி கொதிக்கும், மணி அடிக்கும், அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டுவிட்டு ஓடுவேன். அவர் முன்பே கேட்டைச் சாத்தியிருந்தால் சும்மா சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். சாத்தாமல் கொடியைத் தேடிக்கொண்டிருந்தால் "நான் அந்தப் பக்கத்தச் சாத்திட்டேங்க, நீங்க இந்தப் பக்கம்" என்பேன். அவர் வேலையை நான் பிடுங்குகிற மாதிரித் தெரியக் கூடாது. ஒரு நாளைக்குப் பகலில் பதினோரு வண்டி. பதினோரு தடவை ஓட்டம். குளிக்கப் போனாலும் ஈரப் புடவையோடு ஓடி வந்திருக்கிறேன். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவது நின்றது. கோயிலுக்குப் போவது நின்றது. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தது, எட்டிப் பார்க்கவில்லை. கர்வக்காரி என்றார்கள். இருக்கட்டும் என்று இருந்தேன்.

ஒரு தரம், ஒரே ஒரு தரம், நேராகவே சொல்லிவிட்டேன். கொடி தப்பு, மணி தப்பு, சாப்பிட்டதையே மறக்கிறீர்கள், ஆஸ்பத்திரி டிரசரிடம் போவோம் வாருங்கள் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் இரண்டு வார்த்தை திட்டித் தீர்த்த ஆறுதலாவது இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"எனக்கும் கொஞ்ச நாளாவே தெரியும் புள்ள. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். ஒனக்கு ஞாபகம் தப்புது. வண்டி போகாத போதே போயிருச்சுங்கற. சோறு போடாமலே போட்டேங்கற. பயப்படாத. நான் இருக்கேன்ல?"

எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இத்தனை நாள் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த நிமிஷம் காலில் இறங்கியது போல இருந்தது.

அன்று தொடங்கி அவர் என்னைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. நான் தவறி விழுந்துவிடுவேன் என்று கொல்லைக் கிணற்றின் மேல் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளை அடுக்கினார். ஒவ்வொன்றையும் தூக்கிவைத்துத்தான் நான் தண்ணீர் இறைக்க வேண்டும். அடுப்பை அணைக்க மறந்துவிடுவேன் என்று கொதிக்கிற குழம்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். டிரங்குப் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிடுவேன் என்று அதை என் தாலிக் கயிற்றில் முடிந்துவிட்டார். பிறகு அவரே அந்தச் சாவியைத் தேடுவார். மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு என் கழுத்தில் கண்டுபிடிப்பார். "பாத்தியா, இங்க வச்சுக்கிட்டு என்னத் தேட விட்டுட்ட" என்று அப்படி ஒரு சந்தோஷம். வாரத்துக்கு மூன்று தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

லயத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவைத்தார். என் பொண்டாட்டிக்கு மறதி, வழி தெரியாமல் போனால் கொண்டுவந்து விடுங்கள் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் பேசினால் யாரும் நம்புவார்கள். நாள் கிழமை தப்புமே தவிரப் பேச்சு குழறாது, சட்டை கசங்காது. நானோ தலை வாராமல், அடுப்புக் கரியோடு, மணி அடித்தால் பேசிக்கொண்டிருப்பவளைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவள். எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது என்று கேட்டால் நானே என்னைத்தான் காட்டியிருப்பேன்.

ரயில்வேக்காரர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு என் மகள் கேட்டாள். சொன்னால் வேலை போகும், வீடு போகும். அதுகூடப் பெரிதில்லை. "நீ கேட்டுக்கு லாயக்கில்லை" என்று ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வார். ஏன் என்று அவருக்குப் புரியாது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவர் மாதிரி மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அதற்காக ஊரான் உயிரைப் பணயம் வைத்தேனே, அது தப்பு. இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்வேன்.

மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பள்ளிப் பாடத்தை வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து படித்துத்தான் நானும் எழுதக் கற்றேன். என்னை அறிந்தவள் என்று அவளைத்தான் நம்பியிருந்தேன். அப்பா சொல்லி அனுப்பியதைக் கேட்டு ரயிலேறி வந்தாள். வரும்போதே ஒரு கட்டு வல்லாரை. இங்கே மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே தின்பார்கள், வரப்பெல்லாம் முளைத்துக் கிடக்கும். ஞாபகத்துக்கு நல்லதாம். அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் நடந்ததையெல்லாம் மெதுவாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். "இப்படித்தாம்மா நீ சொல்வேன்னு அப்பா சொன்னாரு. அவரு நல்லாத்தான் இருக்காரு. நீ கீரைய மட்டும் ஒழுங்காச் சாப்பிடு."

பெற்ற பிள்ளை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வல்லாரையை அவரே துவையல் அரைத்தார். நான் உருட்டி விழுங்குகிறவரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பார். மருந்து யாருக்குத் தேவையோ அவர் தொடமாட்டார். "எனக்கு எதுக்கு?" என்பார். கடைசியில் நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டால்தான் நான் ஒரு வாய் சாப்பிடுவேன் என்று சின்னப் பிள்ளையாட்டம் அடம்பிடித்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு எனக்காகச் சாப்பிட்டார். "ஒனக்குப் பைத்தியம்தான்" என்று சிரித்தார். நல்ல மனுஷன். அந்த நல்ல குணம்தான் என்னைக் கொன்றது.

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. அப்புறம் எனக்கு மலேரியா வந்தது. மூன்றாம் நாள் கொய்னா மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் சுவரில் சாய்ந்தேன். ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவே கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ரயிலின் கூவல்தான் எழுப்பியது.

வெளியே ஓடினேன். கேட் இரண்டும் விரியத் திறந்து கிடக்கிறது. தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு செங்கல் வண்டி, சக்கரம் பள்ளத்தில் இறங்கி மாடு இழுக்க முடியாமல் திணறுகிறது. வண்டிக்காரன் வாலை முறுக்குகிறான். பத்தடி தள்ளி என் வீட்டுக்காரர், பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நிற்கிறார். பூட்டு முதல்ல, கொடி அப்புறம் என்றவர், பூட்டை விட்டுவிட்டுக் கொடியை எடுத்திருந்தார்.

கொட்டகையிலிருந்து சிவப்புக் கொடியை உருவிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே ரயிலை நோக்கி ஓடினேன். கல் குத்தியது, காய்ச்சலில் கண் இருட்டியது. எவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. இரும்பு கிரீச்சிட்டு, இஞ்சின் என்னிடமிருந்து இருபது முப்பது அடியில் வந்து நின்றது. நான் அங்கேயே சல்லிக் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் இறங்கி வந்து திட்டினார். வீட்டுக்காரர் ஓடிவந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். "அவளத் திட்டாதீங்கண்ணே. அவளுக்குச் சீக்கு. நான் பூட்டுன கேட்ட அவதான் தெறந்து விட்டுட்டா. தெரியாமப் பண்ணிட்டா." பொய் சொல்லவில்லை. பூட்டியதாகவேதான் அவர் நினைத்தார். பூட்டியது திறந்திருந்தால் திறந்தது நானாகத்தானே இருக்க வேண்டும்?

மறுநாள் காலை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து ஐயா, வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் நோட்டு. இரவெல்லாம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அந்த வண்டிக்காரனின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. வேலை போனால் போகட்டும், அவர் உடைந்துபோனால் நான் பக்கத்தில் இருந்துகொள்கிறேன் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன்.

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் முன்னே போனார். துவைத்த காக்கிச் சட்டை. இரண்டு கொடிகளையும் சுருட்டி, விசிலையும் கேட் சாவியையும் அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"எனக்கு வேல வேணாங்கய்யா. இருபத்தாறு வருசம் பாத்துட்டேன், ஒரு ஆட்டுக்குட்டி அடிபடல. இனி முடியாது. எம் பொண்டாட்டிக்கு ஞாபகம் சுத்தமாப் போயிருச்சு. நேத்து ரயிலுக்கு முன்னாலயே போய் நிக்கிறா. இவளப் பாத்துக்க வேற ஆள் இல்லீங்க. கேட்ட யாரு வேணா பாத்துக்கலாம்."

அந்த வேலைதான் அவருடைய உயிர். அதை எனக்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை? சொல்லுங்கோ பாப்பம்."

செவ்வாய்க்கிழமை. எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரரைப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியாதே என்று அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல், உதட்டை மட்டும் அசைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வியாழன்.

"வியாழக்கிழமைங்க" என்றேன்.

அப்பாடா என்று அவர் பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா ஐயா, செல நேரம் சரியாச் சொல்லிருவா" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதப் போன பென்சிலை நிறுத்தினார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார். கொடியையும் சாவியையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் என்னிடம் தணிந்த குரலில், "எவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசமாங்கய்யா."

"கேட்டை ஆர் பாத்தது?"

நான் கேட்டுச் சங்கிலியைப் பார்த்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. மனைவிக்குச் சுகமில்லாததால் தானாகவே வேலையை விட்டார் என்றுதான் நோட்டில் எழுதினார். அந்தப் புண்ணியவானுக்கு நான் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. கை எழவில்லை.

கிள்ளானுக்கு மகள் வீட்டோடு போனோம். மகளுக்கு உண்மை தெரிய ஒரு வாரம் பிடித்தது. ஒரு நாள் காலையில் அப்பா அவளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாராம். என்னிடம் வந்து மடியில் விழுந்து அழுதாள். நான் தலையைத் தடவினேன். வேறு என்ன செய்ய? கோபப்படக்கூட மிச்சம் எதுவும் இல்லை என்னிடம்.

அதற்குப் பின் நாலு வருஷம் இருந்தார். ரயில் மறந்தது, கேட் மறந்தது, ஆட்டுக்குட்டிகூட மறந்தது. என் மறதி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "அடுப்ப அணச்சியா புள்ள?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைத்துவிட்டேன் என்பேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சில நாள் பதிலே சொல்லவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

போவதற்குச் சில மாதம் முன்பு ஒரு காலை, அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என்னை அந்நியமாகப் பார்த்தார்.

"ஏம்மா, எம் பொண்டாட்டியப் பாத்தீங்களா? எங்கியோ போயிட்டா. அவளுக்கு ஞாபகம் பத்தாது. வழி தெரியாமத் திண்டாடுவா."

நான் ஈரத் துணியை அலசக் குனிந்தேன். குனிந்தபோது என் தாலிக் கயிறு வெளியே விழுந்து, பெட்டிச் சாவி அவர் கண்ணில் பட்டது. சட்டென்று அதைப் பிடித்தார்.

"இது அவ சாவி. ஒங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அவங்கதாங்க குடுத்தாங்க. பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்க."

பிறகு சாவியை விட்டுவிட்டார். "சரி, நீங்களே வச்சிருங்கம்மா. அவகிட்டக் குடுக்காதீங்க, தொலச்சிருவா. அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்க" என்றேன். நான் அதுவரை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவர் போன பின் தாலியைக் கழற்றிய அன்று, அந்தச் சாவியை மட்டும் தனியாக அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். பெட்டி துருப்பிடித்து எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. தொலைக்கவில்லை.